ஒரு கூம்பா, பல கூம்பா? வீட்டு ஒலிபெருக்கியின் வரலாறு

தமிழில் ‘ஒலிபெருக்கி’ என்னும் சொல் இரு கருவிகளுக்கு வழங்கிவருகிறது. மெலிந்த மின்னோட்டத்தை வலுப்படுத்தும் கருவியையும் அப்பெயரால் அழைக்கிறோம். வலுப்பெற்ற மின்னோட்டத்தைக் காற்றலையாக மாற்றி நம் காதுக்குத் தரும் கருவியையும் அப்பெயராலேயே அழைக்கிறோம். இங்குப் பேசப்படுவது பின்னது. பேச்சு வழக்கில் ஸ்பீக்கர் எனப் பெயர் பெற்றது. ரேடியோப் பெட்டியின் துணித் திரைக்குப் பின்னிருந்து குரல் கொடுக்கும் காகிதக் கூம்பு.

வீட்டிற்கு ஸ்பீக்கர் வாங்கச் செல்பவர் கடையில் இரு வகைகளைக் காண்கிறார். ஒன்றில் ஒரே கூம்பு எல்லா ஒலிகளையும் எழுப்புகிறது. மற்றதில் பெரிய கூம்பு கீழ் ஒலிகளையும், சிறிய கூம்பு மேல் ஒலிகளையும் பங்கிட்டுக்கொள்கின்றன. சிலவற்றில் நடு ஒலிகளுக்கென மூன்றாவது ஒன்றும் உண்டு. கூம்புகள் மிகுந்தால் இசையும் சிறக்கும் என்பார் ஒரு சாரார். ஒரே கூம்பில் கேட்பதே உண்மையான இசை என்பார் மற்றொரு சாரார். இவ்வழக்கு 1930-களிலிருந்தே நடந்துவருகிறது. அது எழுந்த வரலாற்றை அறிந்தவர் தமக்குரிய தீர்ப்பைத் தாமே வழங்கிக்கொள்ளலாம்.

முதலில் இயற்கையின் கட்டளை ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். மனிதச் செவி, இளமையில், விநாடிக்கு 20 அதிர்வுகள் முதல் 20,000 அதிர்வுகள் வரை கேட்கவல்லது. ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. ஆகவே 20 அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலை 17 மீட்டர் நீளமுடையது. 20,000 அதிர்வுள்ள ஒலியின் அலையோ 2 சென்டிமீட்டர் நீளமும் இல்லாதது. கீழ் ஒலியை எழுப்பப் பெருமளவு காற்றை அசைக்க வேண்டும். அதற்கு அகன்ற கூம்பு தேவை. மேல் ஒலிக்கோ இலேசான, சிறிய கூம்பே ஏற்றது. 20 சென்டிமீட்டர்க் கூம்பு ஒன்று, 2,000 அதிர்வுகளை ஒட்டிய அளவிலிருந்து, ஒலியை அறையெங்கும் பரப்பாமல் டார்ச் விளக்கின் ஒளிபோல நேர்முகமாகக் குவிக்கத் தொடங்குகிறது. யானையின் வேலையையும் சிட்டுக்குருவியின் வேலையையும் ஒரே உடல் செய்ய வேண்டும் என்பதே ஒற்றைக் கூம்பின் சங்கடம்.

தொடக்க காலத்தில் இச்சங்கடம் எவர்க்கும் உறைக்கவில்லை. கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்னும் இருவர் 1915-ஆம் ஆண்டில் புனல் வடிவ ஒலிபெருக்கியைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினர். அதன் பின்னர் வந்த வீட்டு ரேடியோக்களிலும் கிராமபோன் புனலை ஒத்த கருவிகளே இருந்தன. 1925-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய பொறியாளர்கள் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டனர். காந்தப் புலத்தினிடையே அசையும் கம்பிச் சுருளைச் சிறு கூம்பு ஒன்றோடு பிணைத்து, கூம்பின் முன்புற ஒலியும் பின்புற ஒலியும் ஒன்றையொன்று அழித்துவிடாதபடி பலகையில் பொருத்தினால், ஒலி முன்னிலும் சீராக எழும் என்று அவர்கள் காட்டினர். மறு ஆண்டில் அது ரேடியோலா 104 என்னும் பெயருடன் 250 டாலர் விலைக்கு வந்தது. இன்று நம் வீட்டிலுள்ள ஸ்பீக்கர்களில் மிகப் பெரும்பாலானவை அந்த அமைப்பின் வழித்தோன்றல்களே.

அக்காலத்தில் ஒரு கூம்பு போதுமானதாக இருந்ததற்குக் காரணம் உண்டு. வீட்டிற்கு வந்து சேர்ந்த ஒலியே குறுகியது. மத்திய அலை ஒலிபரப்பில் 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலிகள் பெரும்பாலும் கிட்டுவதில்லை. சென்னையில் 1938-லும், திருச்சியில் 1939-லும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தொடங்கிய நாட்களில், கேட்டவர் வீட்டுப் பெட்டியில் ஒற்றைக் கூம்பு இருந்தது. அதற்கு அதுவே நிறைவான பொருத்தம். தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழ்ந்த தமிழர்கள் சிற்றலையில் தமிழ்க் குரலைத் தேடிப் பிடித்தபோது, இரைச்சலும் தேய்மானமுமாக வந்த அவ்வொலிக்கு உச்ச ஒலிக் கூம்பு ஒன்றைச் சேர்த்திருந்தால் மிகுந்து கேட்டிருப்பது இரைச்சல்தான்.

பங்கீட்டுக்குத் தேவை எழுந்தது வீட்டில் அன்று, பெரிய அரங்குகளில். 1933-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள், பிலடெல்பியா நகரில் வாசிக்கப்பட்ட இசையைப் பெல் ஆய்வுக்கூடத்தார் தொலைபேசிக் கம்பிகள் வழியே வாஷிங்டன் நகர அரங்கிற்குக் கொண்டுவந்தனர். 40 முதல் 15,000 அதிர்வுகள் வரை வெளியிட, கீழ் ஒலிக்கும் மேல் ஒலிக்கும் தனித்தனிப் புனல்களை அவர்கள் அமைத்திருந்தனர். ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனம் இவ்வழியைத் திரைப்பட அரங்குகளுக்குக் கொள்ள முனைந்தபோது ஒரு விந்தை நேர்ந்ததாகக் கூறுவர். நடனமணி எலினார் பவலின் காலணித் தட்டு ஒவ்வொன்றும் இருமுறை கேட்டதாம்! கீழ் ஒலிப் புனலின் உள்வழி மேல் ஒலிப் புனலினதைவிடச் சில அடிகள் நீண்டிருந்ததே காரணம். ஒரு மீட்டரைக் கடக்க ஒலிக்கு ஆயிரத்தில் 3 பங்கு விநாடி ஆகிறது. அச்சிறு தாமதம் பல்கினால் செவி அதனைக் கண்டுகொள்கிறது. டக்ளஸ் ஷீரர், ஜான் ஹில்லியர்ட் முதலியோர் வழிநீளங்களை நெருக்கமாகப் பொருத்தி அமைத்த ஷீரர் புனல், 1936-ஆம் ஆண்டுக்குரிய திரைப்பட அகாதமியின் தொழில்நுட்பப் பரிசைப் பெற்றது.

இந்நிகழ்ச்சியில் பிற்காலச் சர்ச்சை முழுவதும் அடங்கியிருக்கிறது. வேலையைப் பங்கிட்டால் ஒவ்வொரு கூம்பும் தனக்குரியதை நன்கு செய்கிறது. ஆனால் பங்கிட்டதை மீண்டும் ஒன்றுசேர்க்கும் பொறுப்பு புதிதாக வந்துசேருகிறது. துணியை வெட்டுவது எளிது, தையல் தெரியாமல் இணைப்பது அரிது. அவ்விணைப்பைச் செய்வது கிராஸ்ஓவர் என வழங்கும் பிரிப்புச் சுற்று. கம்பிச் சுருள்களும் கண்டென்ஸர்களும் கொண்ட அது, கீழ் ஒலிகளை ஊஃபர் என்னும் பெரிய கூம்புக்கும், மேல் ஒலிகளை ட்வீட்டர் என்னும் சிறியதற்கும் அனுப்புகிறது.

தையலே வேண்டாம் என்ற மறுமொழி இங்கிலாந்திலிருந்து வந்தது. பால் வோய்ட் என்னும் பொறியாளர் 1930-களில் பெரிய கூம்பின் நடுவே சிறிய கூம்பு ஒன்றை ஒட்டி, ஒரே சுருளால் இரண்டையும் இயக்கினார். மேல் ஒலிகளில் பெரிய கூம்பு பின்தங்க, சிறியது பொறுப்பேற்கும். அறை மூலையில் நிற்கும் புனற்பெட்டியில் அதனை வைத்து, சில வாட் மின்வலுவிலேயே அறை நிறைய ஒலிக்கச் செய்தார். லௌதர் நிறுவனம் அவ்வழியைத் தொடர்ந்தது. இருசாராரையும் சமாதானம் செய்யும் மூன்றாவது வழியும் பின்னர் வந்தது. 1947-இல் டானாய் நிறுவனம் வெளியிட்ட இரட்டை மைய ஒலிபெருக்கியில் ட்வீட்டர் ஊஃபரின் நடுவிலேயே அமைந்திருந்தது. இரு கூம்புகள், ஆனால் ஒலி பிறக்கும் இடம் ஒன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வீட்டிற்கு வந்த ஒலியே விரிந்தது. டெக்கா நிறுவனத்தின் புதிய ஒலிப்பதிவு முறை 14,000 அதிர்வுகள் வரை எட்டியது. 1948-இல் நீள்நேர இசைத்தட்டு பிறந்தது. பண்பலை ஒலிபரப்பு 15,000 வரை கொண்டுவந்தது. நம் நாட்டில் அகில இந்திய வானொலியின் பண்பலைச் சேவை 1977-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கியது. இவ்வளவு விரிந்த ஒலியை ஒற்றைக் கூம்பால் முழுவதும் தர இயலவில்லை. இங்கிலாந்தின் வார்ஃப்டேல் நிறுவனத்தை நிறுவிய கில்பர்ட் பிரிக்ஸ், 1954-இல் லண்டன் ராயல் பெஸ்டிவல் அரங்கில் நேரிசையையும் ஒலிப்பதிவையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்து, அவையோரையே ஒப்பிடவைத்தார்.

பல கூம்புகளின் வெற்றிக்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. வால்வு ரேடியோக்கள் மூன்று நான்கு வாட் வலுவே தந்தன. ஆகவே குறைந்த வலுவில் உரக்க ஒலிக்கும் கூம்புகளே தேவைப்பட்டன. 1954-இல் எட்கர் வில்ச்சர், அடைத்த சிறு பெட்டியினுள் இருக்கும் காற்றையே வில்லாகப் பயன்படுத்தி, ஆழ்ந்த கீழ் ஒலியைப் பெற்றார். அது மிகுந்த மின்வலுவைக் கேட்டது. டிரான்சிஸ்டர் வந்து வலு மலிவானதும், அலமாரியில் அடங்கும் இருவழி, மூவழிப் பெட்டிகள் உலகெங்கும் பரவின.

எனினும் தையற் பிரச்சினை தீரவில்லை. பெரும்பாலான இருவழிப் பெட்டிகளில் 2,000-க்கும் 3,000-க்கும் அண்மையில் பங்கீடு நிகழ்கிறது. செவி மிகக் கூர்மையாக உணரும் பகுதியின் வாயிலே அது. மெய்யெழுத்துகளின் தெளிவு பெரிதும் அப்பகுதியையும் அதற்கு மேலுள்ள பகுதியையும் சார்ந்தது. வல்லின ஒலிகள் ஓரிடத்திலும், உயிரொலிகள் வேறிடத்திலும் பிறப்பதுபோல் தோன்றினால், பேசுபவர் இரு துண்டாகிவிடுகிறார். இதனை நன்கு உணர்ந்தவர்கள் பி.பி.சி. நிறுவனத்தின் பொறியாளர்கள். அவர்கள் ஒலிபெருக்கிகளைச் சோதிக்க இசையோடு மனிதப் பேச்சையும் உரைகல்லாகக் கொண்டனர். 1970-களின் நடுவில், வெளியிட ஒலிபரப்பு வண்டிகளின் சிறு இடத்திற்காக அவர்கள் வகுத்த எல்.எஸ். 3/5ஏ என்னும் இருவழிப் பெட்டியில், இரு கூம்புகளைவிடப் பிரிப்புச் சுற்றின்மீதே மிகுந்த உழைப்புச் செலவாயிற்று. அதே காலத்தில் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஆரடோன் என்னும் ஒற்றைக் கூம்புச் சிறுபெட்டியும் இடம்பெற்றது. பெரிய ஸ்பீக்கர்களில் பதிவைக் கேட்ட பொறியாளர், குரல் தெளிவாக நிற்கிறதா என்று அதில் மறுமுறை சரிபார்த்தார்.

ஆக, வரலாறு நமக்குக் கூறுவது யாது? கூம்புகளின் எண்ணிக்கை தரத்தின் அளவுகோல் ஆகாது. எந்த ஒலியை, எந்த அறையில், எவ்வளவு தூரத்திலிருந்து கேட்கிறோம் என்பதே அளவுகோல்.

வெளி மாநில நகரங்களில் வாழும் நம்மவர் பலருக்கு இருப்பது ஓர் அறை அல்லது ஈரறை வீடு. சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார். செவிக்கும் பெட்டிக்கும் இடையே ஒன்று, ஒன்றரை மீட்டர் தூரமே கிடைக்கிறது. அவ்வளவு அருகில் பல கூம்புகளின் ஒலிகள் ஒன்றாகக் கலக்க இடம் போதாது. செய்தி, உரை, நாடகம், வாய்ப்பாட்டு ஆகியவற்றை மெல்லிய அளவில் கேட்பவர்க்கு நல்ல ஒற்றைக் கூம்போ, மைய ஒருமை உடைய ஒலிபெருக்கியோ உகந்தது. கீழ் ஒலியில் ஓர் ஸ்தாயி இறங்கும்போது, அதே உரப்புக்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். அவ்வசைவின்மேல் ஏறிவரும் மேல் ஒலிகள் கலங்குகின்றன. ஆகவே மிருதங்கத்தின் இடந்தலை அதிரவும், தம்பூராவின் ரீங்காரம் தனித்து மிதக்கவும், பெரிய கூடத்தில் உரக்கவும் கேட்க விரும்புபவர்க்குப் பல கூம்புகளே தேவை. ஆனால் குறைந்த விலைப் பெட்டி ஒன்றில் நான்கு கூம்புகளைக் கண்டால் எச்சரிக்கை கொள்க. ஒரே பணம் நான்கு பங்காகி, பிரிப்புச் சுற்று என்னும் பெயரில் ஒற்றைக் கண்டென்ஸர் மட்டும் உள்ளே இருத்தல் கூடும்.

சோதிக்கும் முறை எளிது. நன்கு பழகிய ஒரு குரலைக் கடையில் ஒலிக்கச் செய்க. அக்குரல் ஓரிடத்திலிருந்து வருகிறதா? எழுந்து நின்றாலும், இரண்டடி நகர்ந்தாலும் அதன் இயல்பு மாறாதிருக்கிறதா? ‘ச’கரமும் ‘ஸ’கரமும் சீறாமலும் மழுங்காமலும் ஒலிக்கின்றனவா? இத்தேர்வில் தேறிய பின்னரே முழக்கத்தையும் பளபளப்பையும் ஆராய்க.

சிற்றலையின் இரைச்சலைக் கடந்து தமிழ் கேட்ட காலம் மாறி, இன்று தமிழ்நாட்டு நிலையங்களின் ஒலிபரப்பு கைப்பேசி வழியே எந்த நகரத்திற்கும் தெளிவாக வந்துசேருகிறது. தாய்மொழியைத் தெருவில் கேட்க இயலாத ஊரில் அதனை வீட்டிற்குள் ஒலிக்கச் செய்யும் கருவிகளுள் இதுவும் ஒன்று. பிள்ளைகள் ழகரத்தையும் ளகரத்தையும் வேறுபடுத்திக் கேட்பதற்கும் அதன் தெளிவு உதவும். ஆதலின் கூம்புகளை எண்ணுவதற்கு முன்னர்க் குரலைக் கேளுங்கள்.