முரளிக்குப் பக்கத்தில் நின்றவர்கள்

முத்தையா முரளிதரனைப் பற்றி எங்கட கம்பஸில் கதை தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் அது அரசியலாகிவிடும். "தமிழன் ஒருவன் இலங்கை அணியில் விளையாடினான்தானே, பிறகென்ன பிரச்சினை?" என்று ஒரு பக்கம். "அவர் எங்கட ஆளே இல்லை" என்று மறுபக்கம். அந்த அணிக்குள் என்ன நடந்தது என்று கேட்பவர்கள் குறைவு. நாங்கள் இங்கே அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. டிசம்பர் தொடக்கத்தில் நகரம் இராணுவத்தின் கைக்குப் போனது. அதே டிசம்பர் 26ஆம் திகதி, மெல்பேர்ன் டெஸ்ட் போட்டியில் நடுவர் டெரல் ஹெயார் முரளியின் பந்துகளை ஏழு தடவை நோ-போல் என்றார். பந்தை வீசவில்லை, எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. ஒரு பந்துவீச்சாளருக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. கண்டியிலிருந்து போன அந்தத் தமிழ் இளைஞனுக்கு அப்போது வயது 23.

அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்கவுக்கு இலகுவான வழி ஒன்று இருந்தது. முரளியை நிறுத்திவிட்டு வேறொருவரிடம் பந்தைக் கொடுத்திருக்கலாம். அவரோ மறுமுனையிலிருந்து முரளியையே தொடர்ந்து வீசவைத்தார். பத்து நாள் கழித்து பிரிஸ்பேனில் திரும்பவும் அதே நோ-போல், இம்முறை ரொஸ் எமர்சன். பிறப்பிலேயே முரளியின் முழங்கை முழுதாக நிமிராது என்பதைப் பரிசோதனைகள் காட்டின. 1996 மார்ச் 17இல் லாகூரில் உலகக்கிண்ணம் வென்ற பதினொரு பேரில் அவரும் ஒருவர்.

1999 ஜனவரி 23, அடிலெய்ட். இங்கிலாந்துடனான போட்டியில் அதே எமர்சன் மீண்டும் நோ-போல் சொன்னார். ரணதுங்க முழு அணியையும் எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போனார். ஆட்டம் நின்றது. திரும்பித் தொடங்கியபோதும் முரளி வீசினார். இலக்கு 303. 21 வயது மஹேல ஜயவர்தன 120 ஓட்டங்கள் அடித்தார், ஒரே ஒரு விக்கெட் மிச்சமிருக்க இலங்கை வென்றது. ரணதுங்கவுக்குக் கிடைத்தது போட்டிச் சம்பளத்தில் 75 சதவீத அபராதமும், ஒத்திவைக்கப்பட்ட ஆறு போட்டித் தடையும்.

அவர் செய்தது சரியா பிழையா என்று கிரிக்கெட் உலகம் இன்னும் சண்டை பிடிக்கிறது. எங்களுக்கு முக்கியம் வேறு விஷயம்: முரளிக்காக அவர் தன்ர சம்பளத்தையும் தலைமைப் பதவியையும் பணயம் வைத்தார். "நாங்கள் இருக்கிறோம் மச்சான்" என்று தோளில் தட்டுவதற்குச் செலவே இல்லை.

பெரிதாகச் செய்தி ஆகாத தோழமையும் உண்டு. டெஸ்ட் போட்டிகளில் முரளியின் பந்துவீச்சில் மஹேல பிடித்த பிடிகள் 77. 2010 ஜூலை 22, காலி மைதானத்தில் முரளியின் கடைசிப் பந்தில் வந்த 800ஆவது விக்கெட்டும் ஸ்லிப்பில் நின்ற மஹேலவின் கைக்குள்தான் விழுந்தது. ஒரு சுழற்பந்து வீச்சாளர் தனியாகச் சாதிப்பதில்லை. விக்கெட் விழாத நேரத்திலும் கண் வெட்டாமல் குனிந்து நிற்க ஒருவர் வேண்டும்.

இந்தத் தோழமை யுத்தத்தை ஒரு நாளும் குறைக்கவில்லை, இடம்பெயர்ந்த ஒருவருக்கும் வீட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதை "இன ஒற்றுமை" என்று போஸ்டர் அடிப்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. ஆனால் அது பொய் என்று தூக்கி எறியவும் எங்களால் முடியாது. ஒருவனைத் தனிமைப்படுத்துவது மிகச் சுலபமாக இருந்த காலத்தில், கூட விளையாடியவர்கள் அவனைத் தனியே விடவில்லை. அந்தளவுதான் நடந்தது. அந்தளவும் அபூர்வம்.