ஸ்டைன்பெக்கின் வேலைநாள் குறிப்பேடு

அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் (1902–1968), ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலை எழுதிய 1938ஆம் ஆண்டில் அதன் கூடவே எழுதிவந்த நாட்குறிப்பு. ராபர்ட் டிமாட் பதிப்பித்து, 1989இல் ‘ஒர்க்கிங் டேஸ்’ என்ற பெயரில் நூலாக வெளிவந்தது. தன் எழுத்தின்மேல் நம்பிக்கை இல்லாத ஒருவர் எப்படி ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார் என்பதை இது நாள்வாரியாகக் காட்டுகிறது.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் சலினாஸ் நகரில் 1936இல் நடந்த பண்ணைத் தொழில் வேலைநிறுத்தத்தை வைத்து ஸ்டைன்பெக் ஓர் அங்கத நாவல் எழுதினார். 60,000 சொற்களுக்கு மேல் எழுதிய அந்தக் கைப்பிரதியை 1938 மே மாதம் தாமே அழித்தார். நடையில் பிசிறு இருந்ததல்ல காரணம். அது நேர்மையற்ற புத்தகம் என்று அவருக்குப் பட்டது. தவறான புத்தகத்தைக் கைவிடுவதும், சரியான புத்தகத்தின் குறைகளுக்கு அஞ்சி எழுதாமல் இருப்பதும் ஒன்றல்ல. முதலாவதைச் செய்தவர் இரண்டாவதற்கு இடம்கொடுக்கவில்லை. அந்த மாத இறுதியிலேயே புதிய நாவலைத் தொடங்கிவிட்டார்.

லாஸ் காடோஸ் ஊரில் இருந்த வீட்டில் கையால் எழுதினார். நாளுக்கு ஏறத்தாழ 2,000 சொற்கள் என்பது கணக்கு. நாவலில் கைவைக்கும் முன் குறிப்பேட்டில் சில வரிகள். அன்று எந்தக் காட்சி, மனநிலை எப்படி, நேற்று ஏன் வேலை தடைப்பட்டது என்பவை அவற்றில் இருக்கும். பக்கத்தில் வீடு கட்டும் சத்தம், ஓயாத விருந்தாளிகள், மனைவி கேரலின் உடல்நலக் குறைவு, அவருடைய அப்போதைய பதிப்பகம் திவாலானது என அந்தக் கோடையில் இடைஞ்சலுக்குப் பஞ்சமில்லை. அவற்றைவிட அதிகம் வருவது சுயசந்தேகம். நான் எழுத்தாளனே இல்லை, என்னையும் பிறரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றுகூட எழுதுகிறார். ஆனால், அப்படி எழுதிய கையோடு அன்றைய பக்கத்துக்குப் போய்விடுகிறார். குறிப்பேட்டின் பெரும்பயன் இதுதான் என்று தோன்றுகிறது: சந்தேகத்துக்கென்று ஒரு தனி ஏடு இருந்ததால் அது நாவலின் தாளில் வந்து உட்காரவில்லை.

கேரல் தட்டச்சு செய்தார்; தலைப்பும் அவர் தந்ததே. அக்டோபர் 26 அன்று, உடல் முற்றிலும் தளர்ந்த நிலையில் நாவலை முடித்தார் ஸ்டைன்பெக். அப்போதும் திருப்தி வரவில்லை. இது பரவலாக விற்காது, குறைந்த பிரதிகளே அச்சிடுங்கள் என்று பதிப்பாளர் தரப்புக்குச் சொன்னார். 1939 ஏப்ரலில் வைகிங் பதிப்பகம் வெளியிட்ட அந்நூல் அவ்வாண்டு அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற நாவலாயிற்று; 1940இல் புலிட்சர் பரிசும் பெற்றது.

‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ எழுதிய 1951இலும் இதே வழக்கம் வேறு வடிவில் தொடர்ந்தது. ஏட்டின் இடப்பக்கத்தில் பதிப்பாசிரியர் பாஸ்கல் கோவிச்சிக்குக் கடிதம், வலப்பக்கத்தில் நாவல். அக்கடிதங்கள் ஸ்டைன்பெக்கின் மறைவுக்குப் பின் 1969இல் நூலாயின. அந்த நாவலின் கைப்பிரதியை, தம் கையால் செதுக்கிய மரப்பெட்டி ஒன்றில் வைத்துக் கோவிச்சிக்குக் கொடுத்தார். தம்மிடம் இருந்த ஏறக்குறைய எல்லாவற்றையும் போட்டும் அந்தப் பெட்டி நிறையவில்லை என்பதை நூலின் சமர்ப்பணத்திலேயே சொல்லியிருக்கிறார்.