பி2 நிகழ்வில் ஒப்பீடு உண்டா? தொழில்நுட்பம் கடந்த கைமாற்றம் பற்றிய ஒரு மறுவாசிப்பு

ஒரு ரேடியோத் தொழில்நுட்பத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைபேசியை மாற்றிவிடும் செயலை, ஒரே தொழில்நுட்பத்துக்குள் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு நிகழும் கைமாற்றத்தின் விரிவாக்கமாகவே கருதி, இருபுறத்துச் சமிக்ஞைகளையும் ஒரே தராசில் இட்டு வலியதைத் தேர்வதே அங்கும் நிகழ்கிறதென்று கொள்ளும் ஒரு மரபு ஆய்வுலகில் நெடுநாளாக நிலவி வருகிறது. அம்மரபினர் வகுத்த கணித மாதிரிகளின் நயத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் அவர்கள் தங்களுக்குப் பிரமாணமாகக் காட்டும் விதியே அவர்களுடைய சித்தாந்தத்துக்கு இடம் தரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அவ்விதி, 3ஜிபிபியின் 36.331 என்னும் ஆவணத்தில் 5.5.4.8 ஆம் பிரிவில் வரும் பி2 நிகழ்வு. எல்டிஇயில் இணைந்திருக்கும் கைபேசி, தன் செல்லின் அளவீடு முதல் வரம்புக்குக் கீழே இறங்கி, வேற்றுத் தொழில்நுட்பத்து அண்டைச் செல்லின் அளவீடு இரண்டாம் வரம்புக்கு மேலே ஏறி, இவ்விரு நிலைகளும் குறித்த கால அளவுக்கு நீடிக்குமாயின், அதனை வலையமைப்புக்கு அறிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சமனின்மைகளைக் கண்டதும், இது தாழ்ந்தது, அது உயர்ந்தது, ஆகவே அது இதனினும் மேலானது என்று அனுமானித்துவிடுவது எளிது. ஆனால் குறியீடுகளை விளக்கும் வரிகளிலோ, முதல் வரம்பு தன் செல்லின் அளவீட்டுக்குரிய அலகிலும், இரண்டாவது அண்டைச் செல்லின் அளவீட்டுக்குரிய அலகிலும் குறிக்கப்படும் என்று தனித்தனியே சொல்லப்பட்டிருக்கிறது. சூத்திரத்தைத் தலைகீழாக ஒப்பிக்கும் பொறியாளரும் இவ்வரிகளில் கண் பதிப்பது அரிது. ஒருபுறம் டிபிஎம் அலகில் திறனையும், மறுபுறம் டெசிபெல் அலகில் வெறும் விகிதத்தையும் வைத்துக்கொள்ள விதி இவ்வாறு இசைவு தருகிறதென்றால், படியால் அளந்த நெல்லையும் வீசையால் நிறுத்த வெல்லத்தையும் அருகருகே வைத்து எது அதிகம் என்று கேட்பதற்கு அங்கே இடமில்லை.

அலகு ஒன்றாகவே இருந்தாலும் நிலைமை மாறுவதில்லை. ஒரே கோபுரத்திலிருந்து, ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ணில், எல்டிஇயும் டபிள்யூசிடிஎம்ஏவும் தலைக்கு 20 வாட், அதாவது 43 டிபிஎம், திறனுடன் பரப்பப்படுவதாகக் கொள்வோம். டபிள்யூசிடிஎம்ஏவின் பைலட்டுக்குப் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கினால் அது 33 டிபிஎம்; எல்டிஇயிலோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தின் 1200 துணை அலைகளுக்கும் திறன் சமமாகப் பிரிய, கைபேசி அளக்கும் ஒரு துணை அலைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 12 டிபிஎம். ஒரே இடத்தில் நிற்கும் கைபேசிக்கு, எந்த வலையமைப்பும் மற்றதைவிடத் தரத்தில் உயராதிருக்கையிலேயே, இவ்விரு எண்களுக்கும் இடையே சுமார் 21 டெசிபெல் வேறுபாடு தோன்றும். போதாக்குறைக்கு, ஒரே ஏற்பியை உடைய கைபேசி 40 அல்லது 80 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 6 மில்லிசெகண்டு தன் செல்லைக் கேளாதிருந்தே அண்டையைக் கேட்கிறது. ஆகவே இரு அளவீடுகளும் ஒரே கணத்துக்குரியவையும் அல்ல.

ஏ5 நிகழ்விலும் இரண்டு வரம்புகள் உள்ளன, அது எல்டிஇக்கு உள்ளேயே வழங்குவது, ஆதலால் இரட்டை வரம்பு ஒப்பிட முடியாமைக்கு அறிகுறியாகாது என்று ஓர் ஆட்சேபம் எழலாம். அது நியாயமான ஆட்சேபமே. ஆனால் நான் பார்க்கச் சொல்வது இரட்டை வரம்பின் இருப்பை அன்று, வேறொன்றின் இன்மையை. தன் செல்லைவிட அண்டைச் செல் இத்தனை டெசிபெல் மேலானால் அறிவிக்க என்னும் ஏ3 நிகழ்வு ஏ வரிசையில் இருக்கிறது. அதற்கு இணையானது பி வரிசையில் இல்லை. ஒப்பீட்டை விதிக்கும் முறை நன்கு தெரிந்தவர்கள், அதே ஆவணத்தில் சில பத்திகளுக்குப் பின் அதனைக் கைவிட்டிருப்பது மறதியால் நேர்ந்ததென்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

சிடிஎம்ஏ2000 பைலட் வலிமையை −2 ஆல் வகுக்க வேண்டும் என்று இப்பிரிவிலேயே வரும் குறிப்பு, பொது அளவுகோல் ஒன்றை நாடியதற்குச் சான்றென்று எடுத்துக்காட்டப்படலாம். அவ்வலிமை குறி மாற்றி, அரை டெசிபெல் படிகளில் அறிவிக்கப்படுவது. வகுத்தலால் அது டெசிபெல் உருவம் பெற்றுத் தன் வரம்போடு சேர்த்துப் பார்க்கத்தக்கதாகிறதேயன்றி, எல்டிஇயின் திறனோடு அன்று. அண்டையின் அளவீட்டோடு கூட்டப்படும் அதிர்வெண் திருத்தத்தைக் காட்டி வாதிப்போருக்கு விடை சுருக்கமானது: அது இரண்டாம் வரம்பை நகர்த்துகிறது, அவ்வளவே.

இங்கு ஒரு வரையறை அவசியம். பி2 விதிப்பது அறிவிப்பை மட்டுமே. அறிவிப்பைப் பெற்ற நிலையம் கைமாற்றத்தை எவ்வாறு நிர்ணயிக்க வேண்டும் என்பதை ஆவணம் கட்டுப்படுத்தவில்லை. ஒரு நிறுவனத்தார் தம் நிலையத்தின் மென்பொருளில் இரு எண்களையும் தமக்குரிய திருத்தங்களுடன் ஒப்பிட்டுக்கொள்ளத் தடையில்லை. ஆனால் அந்த ஒப்பீடு அவர்களுடைய கொள்கை. வரம்புகளின் மதிப்பும் அவ்வாறே அவர்களுடையது. இரண்டில் எதையும் இயற்கையின் தீர்ப்பாகவோ தரநிலையின் கட்டளையாகவோ காட்டி மாதிரி அமைப்பது பொருந்தாது.

மரபினருக்கு எஞ்சும் ஒரே புகலிடம் ஐந்தாம் தலைமுறை எனலாம். ஏனெனில் அங்கே என்ஆர், எல்டிஇ இரண்டிலும் அளவீட்டின் பெயர் ஆர்எஸ்ஆர்பி, அலகும் டிபிஎம். ஆயினும் என்ஆரின் துணை அலை இடைவெளி 15 கிலோஹெர்ட்ஸாக மட்டுமின்றி 30 ஆகவோ அதனினும் மேலாகவோ இருக்கலாம். அதன் அளவீட்டுச் சமிக்ஞை கற்றைகளாகக் குவித்து அனுப்பப்படுவதும் உண்டு. என்ஆருக்குரிய 38.331 ஆவணத்தை இயற்றியவர்கள், பெயரும் அலகும் ஒன்றாயிருந்தும், எல்டிஇ அண்டைக்கான பி2 நிகழ்வை அதே இரண்டு வரம்புகளுடனேயே மீண்டும் எழுதினார்கள்; ஏ3-ஐ அங்கும் தொழில்நுட்பத்தின் எல்லைக்கு வெளியே விடவில்லை.