எழுத்தாணி வாங்கின கதை

போன மாசம் நான் கொடுத்த செக் ஒண்ணு திரும்பி வந்துச்சு. பணம் இல்லாம இல்லீங்க, கையெழுத்து ஒத்துப்போகலையாம். இருபது வருஷமா கீபோர்டே கதின்னு கிடந்ததுல என் கையெழுத்து எனக்கே அந்நியமாயிடுச்சு. சரி, திரும்பவும் கையால எழுதிப் பழகுவோம்னு வீட்டுல இருந்த டேப்லட்டுக்கு ஒரு பேனா வாங்கினேன். முனையில ரப்பர் குமிழ் வெச்ச மலிவு சரக்கு. 'அ' போட்டா ஜிலேபி வந்துச்சு. கையை ஊன்றினா அதையும் கோடுன்னு எடுத்துக்கிச்சு. ஏன் இப்படின்னு தோண்டினதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். ஸ்டைலஸ், டேப்லட் ரெண்டு பேருக்கும் மூலம் லத்தீன். ரோமானியர்கள் மெழுகு பூசின பலகையில் உலோகக் குச்சியால் கீறி எழுதினார்கள். குச்சியின் ஒரு முனை கூர், மறுமுனை தட்டை. தப்பாப் போச்சுன்னா திருப்பிப் பிடிச்சு மெழுகைத் தேய்ச்சு விடலாம். இப்போ சில பேனாக்களின் பின்பக்கத்தில் அழிப்பான் இருக்கே, அதுக்குப் பாட்டன் இதுதான்!

நம்ம எழுத்தாணிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஓலையில கீறினது கீறினதுதான். ஆனா தேர்ந்தெடுக்கிற தலைவலி அன்னிக்கே இருந்திருக்கு: குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணின்னு வகை வகையா வெச்சிருந்தாங்க.

மின்னணுக் கதைக்கு வருவோம். 1963-ல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாந்து 'ஸ்கெட்ச்பேட்' செய்தபோது, ஒளிப்பேனாவால் திரையிலேயே வரைந்தார். 1964-ல் கலிபோர்னியாவின் ராண்ட் நிறுவனம் மேஜையில் படுக்கவைக்கும் பலகையைக் கொண்டுவந்தது. பத்துக்குப் பத்து அங்குலம், அடியில் பின்னலாகக் கம்பிகள், வயர் கட்டிய பேனா. விலை 18,000 டாலர். வரைவது கீழே, படம் தெரிவது எதிரே நிற்கும் திரையில்.

அந்த வயரை அறுத்துவிட்டது ஜப்பானின் வாகாம். 1983-ல் தொடங்கிய நிறுவனம். பலகை மின்காந்த அலையை அனுப்பும், பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதில் சக்தி வாங்கிப் பதில் சொல்லும். பேட்டரியே வேண்டாம்.

அடுத்தது கையடக்கக் காலம். 1993-ல் ஆப்பிளின் நியூட்டன், 1996-ல் பாம் பைலட். அழுத்தத்தை உணரும் திரைங்கிறதால எந்தக் குச்சியாலும் குத்தலாம். 2007-ல் ஐபோனை அறிமுகப்படுத்தினப்போ ஸ்டீவ் ஜாப்ஸ் குச்சியைக் கிண்டலடிச்சார். அந்தத் திரை மின்னூட்டத்தை உணரும் திரை. விரலுக்கு மசியும், பிளாஸ்டிக் குச்சிக்கு மசியாது. ஆனா குச்சி சும்மா போகலை. 2011-ல் சாம்சங் கேலக்ஸி நோட்டில் வாகாம் நுட்பத்தோடு திரும்பி வந்தது. 2015-ல் ஆப்பிளே பென்சில் விற்க ஆரம்பிச்சாச்சு. :-)

இப்போ என் ஜிலேபி ரகசியம் புரிஞ்சிருக்குமே. ரப்பர் குமிழ் பேனா செய்யறது விரல் வேஷம். அதனாலதான் அத்தனை தடிமன். விரலா, பேனாவா, உள்ளங்கையான்னு டேப்லட்டுக்கு வித்தியாசம் தெரியாது.

நான் கத்துக்கிட்டது இதான்: முதல்ல பலகையைப் பாருங்க, அப்புறம் ஆணியைப் பாருங்க. வாகாம் வகைப் பேனா வேணும்னா திரைக்கு அடியில் அதற்கான உணர்தகடு இருக்கணும். பேட்டரி வெச்ச பேனான்னா அது பேசுற பாஷை டேப்லட்டுக்குப் புரியணும். ஒரு கம்பெனி பேனா இன்னொரு கம்பெனி டேப்லட்டில் ஊமையாகிடலாம். படம் வரையறவங்களுக்கு அழுத்தத்துக்கு ஏத்தபடி கோடு தடிக்கணும். 2023-ல் வந்த விலை குறைந்த ஆப்பிள் பென்சிலில் அது கிடையாது, ஆனா குறிப்பெடுக்கத் தாராளமாப் போதும். எழுத மட்டும்னா உள்ளங்கையை ஒதுக்கத் தெரியுதா, தேயற முனையை மாத்த முடியுதான்னு பார்த்தாப் போதும்.

என் டேப்லட்டுக்குப் பொருந்தின பேனாவை வாங்கி, தினம் ஒரு பக்கம் எழுதறேன். பழைய கையெழுத்து திரும்பி வரவேயில்லை. புதுசா ஒண்ணு வந்து உட்கார்ந்துக்கிச்சு. நேத்து வங்கிக்குப் போய் அதையே புது மாதிரிக் கையெழுத்தாப் போட்டுக் கொடுத்துட்டு வந்தேன்.

டிஸ்கி: அங்கே கொடுத்த பேனா நூலில் கட்டியிருந்துச்சு. ராண்ட் காலத்து வயர்தான் ஞாபகம் வந்துச்சு!