கைரான் என்றால் என்ன? ஜோதிட ஆப்களில் வரும் 'ஆறாத காயம்' எங்கிருந்து வந்தது? முழு விளக்கம்

பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்தால் போதும், மொபைல் ஆப் நொடியில் ஜாதகம் போட்டுக் கொடுத்துவிடுகிறது. அதில் சூரியன், சந்திரன், செவ்வாய் எல்லாம் நமக்குப் பழக்கமான பெயர்கள். ஆனால் மேற்கத்திய முறையில் கணிக்கும் ஆப்களில் 'கைரான்' என்று இன்னொரு பெயரும் வருகிறது. பக்கத்திலேயே "உங்கள் ஆறாத காயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது" என்கிற மாதிரி ஒரு வரி.

நம்ம ஊர் ஜோசியர் இதுவரை சொல்லாத இந்தக் கைரான் எது? அதற்கும் காயத்துக்கும் என்ன சம்பந்தம்? பார்த்துப் பயப்பட வேண்டுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வானத்தில் கைரான் எங்கே இருக்கிறது?

கைரான் ஒரு கிரகம் இல்லை. சனிக்கும் யுரேனஸுக்கும் இடைப்பட்ட பகுதியில் பெரும்பாலும் சுற்றிவரும் ஒரு சிறு வான்பொருள். அதன் விட்டம் சுமார் 200 கிலோமீட்டர்தான். அதாவது சென்னைக்கும் திருச்சிக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவு. நம் நிலாவின் விட்டமே சுமார் 3,474 கிலோமீட்டர் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சின்னது என்பது புரியும். வெறும் கண்ணால் இதைப் பார்க்கவே முடியாது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள பாலோமர் வானியல் ஆய்வகத்தில் 1977 அக்டோபரில் எடுத்த புகைப்படத் தட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் வானியலாளர் சார்லஸ் கோவல். நவம்பர் 1-ம் தேதி, நட்சத்திரங்களுக்கு நடுவே மெதுவாக இடம் மாறிய ஒரு புள்ளி அவர் கண்ணில் பட்டது. அதுதான் கைரான். "பத்தாவது கிரகம் கிடைத்துவிட்டதா?" என்று அப்போது பேச்சு கிளம்பியது. அந்த அளவுக்குப் பெரியது இல்லை என்பது பிறகு தெளிவானது.

இது சூரியனை ஒருமுறை சுற்ற சுமார் 50 வருடம் ஆகிறது. பாதை நன்றாக நீண்ட வட்டம். சூரியனுக்குக் கிட்டே வரும்போது சுமார் 127 கோடி கிலோமீட்டர், தள்ளிப் போகும்போது சுமார் 280 கோடி கிலோமீட்டர். 1989-ல் இதைச் சுற்றி வால்நட்சத்திரத்துக்கு இருப்பதுபோல ஒரு மங்கலான படலம் தெரிந்தது. அதனால் சிறுகோள் பட்டியலில் 2060 என்ற எண்ணும், வால்நட்சத்திரப் பட்டியலில் 95 என்ற எண்ணும் ஆக, இரண்டு பட்டியலிலும் இதற்கு இடம் உண்டு.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். புளூட்டோவின் பெரிய நிலாவுக்குச் 'சாரன்' என்று பெயர். அது 1978-ல் கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் கேட்க ஒன்றுபோல இருந்தாலும் அது வேறு, கைரான் வேறு.

பெயர் வந்த கதை

கைரான் என்பது கிரேக்கப் புராணப் பாத்திரம். இடுப்புக்கு மேலே மனிதன், கீழே குதிரை. 'சென்டார்' எனப்படும் இந்தக் கூட்டம் பொதுவாக முரட்டுக் கூட்டம். கைரான் மட்டும் விதிவிலக்கு. வைத்தியம், இசை, வில்வித்தை எல்லாம் தெரிந்த குரு. மாவீரன் அகிலீஸும், கிரேக்கர்களின் வைத்தியக் கடவுளான அஸ்கிலிபியஸும் அவரிடம் படித்தவர்கள்.

ஒருநாள் ஹெர்குலிஸ் விட்ட விஷ அம்பு தவறிப்போய்க் கைரான்மீது பாய்ந்துவிடுகிறது. ஊருக்கே வைத்தியம் பார்த்தவரால் தன் காயத்தை ஆற்ற முடியவில்லை. சாவே இல்லாத வரம் பெற்றவர் என்பதால் செத்து விடுதலை பெறவும் வழியில்லை. கடைசியில் அந்த வரத்தையே விட்டுக்கொடுத்து உயிர் துறக்கிறார் என்று கதை போகிறது.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. கோவல் இந்தப் பெயரை வைத்ததற்குக் காரணம் காயம் இல்லை. புராணத்தில் கைரான், குரோனஸின் மகன், யுரேனஸின் பேரன். குரோனஸ் என்பது ரோமானியர்களின் சனிக்கு இணையான தெய்வம். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் நடுவே சுற்றுகிற பொருள் என்பதால் அந்தப் பெயர் பொருத்தமாக இருந்தது. அதாவது, பெயருக்கான காரணம் அது இருக்கும் இடம்.

ஜோதிடத்தில் 'காயம்' எப்படி நுழைந்தது?

பெயர் வந்ததும், அதோடு சேர்ந்த கதையும் வந்துவிட்டது. மேற்கத்திய ஜோதிடர்கள் சிலர் உடனே கைரானின் இருப்பிடத்தைக் கணித்து, தெரிந்தவர்களின் ஜாதகங்களில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். சாவி போல ஒரு குறியீடும் உருவானது. கோவலின் பெயரில் வரும் முதல் எழுத்து, கீழே ஒரு வட்டம். அவ்வளவுதான்.

மனநல மருத்துவர் கார்ல் யுங் ஏற்கெனவே 'காயம்பட்ட வைத்தியர்' என்ற கருத்தைப் பேசியிருந்தார். தான் பட்ட வலியிலிருந்துதான் ஒருவருக்கு அடுத்தவரை ஆற்றும் திறன் வருகிறது என்பது அதன் சாரம். இந்தக் கருத்தும் கைரான் கதையும் கச்சிதமாக ஒட்டிக்கொண்டன. 1980-களின் இறுதிக்குள் கைரானுக்கென்றே தனிப் புத்தகங்கள் வந்துவிட்டன. மெலனி ரெய்ன்ஹார்ட் 1989-ல் எழுதிய புத்தகம் அதில் பிரபலமானது.

சுருக்கமாக, அந்த ஜோதிட முறையில் கைரானுக்குச் சொல்லப்படும் பொருள் மூன்று:

* சின்ன வயதிலேயே பட்டு, முழுசாக ஆறாத மனக்காயம்
* அந்தக் காயத்தால் கிடைக்கும் அனுபவ அறிவு
* அதை வைத்து மற்றவர்களுக்கு உதவும் திறன், அதாவது குரு அல்லது வைத்தியர் குணம்

எந்த ராசியில் கைரான்?

மேற்கத்திய முறைப்படி, பிறந்த வருடத்தை வைத்துத் தோராயமாகச் சொல்லிவிடலாம். எல்லை வருடங்களில் பிறந்த மாதத்தைப் பொறுத்து மாறும்.

* மேஷம் (1968–1976, 2018–2026): தன்னம்பிக்கை, "நான் யார்" என்ற கேள்வி
* ரிஷபம் (1977–1983): பணம், உடல், சுயமதிப்பு
* மிதுனம் (1984–1988): பேச்சு, படிப்பு
* கடகம் (1988–1991): குடும்பம், அம்மா
* சிம்மம் (1991–1993): பாராட்டு, திறமை வெளிப்பாடு
* கன்னி (1993–1995): உடல்நலம், குறை கண்டுபிடிக்கும் பழக்கம்
* துலாம் (1995–1996): உறவு, திருமணம்
* விருச்சிகம் (1997–1998): இழப்பு, நம்பிக்கைத் துரோகம்
* தனுசு (1999–2001): நம்பிக்கை, வாழ்க்கையின் அர்த்தம்
* மகரம் (2002–2004): வேலை, அந்தஸ்து, அப்பா
* கும்பம் (2005–2010): நட்பு வட்டம், ஒட்டாத உணர்வு
* மீனம் (2011–2018): ஆன்மிகம், தியாகம்

இந்தப் பட்டியலைக் கவனித்தால் ஒன்று தெரியும். மேஷத்தில் சுமார் 8 வருடம் தங்கும் கைரான், துலாத்தில் 2 வருடம்கூட முழுசாக இருப்பதில்லை. காரணம் ராசி இல்லை, பாதையின் வடிவம். சூரியனுக்குக் கிட்டே வரும்போது வேகமாகப் போகிறது, தள்ளிப் போனால் மெதுவாக நகர்கிறது. 1996-ல் அது சூரியனுக்கு மிக அருகில் வந்தபோது துலாத்தில் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. 1985-ல் பிறந்த ஒருவருக்கு "உங்களுக்குப் பேச்சில் காயம்" என்று ஆப் சொன்னால், அதே வரி அவரோடு ஒரே வகுப்பில் படித்த அத்தனை பேருக்கும் பொருந்தும். ஆளுக்கு ஆள் மாற வேண்டும் என்றால் பிறந்த நேரத்தை வைத்து எந்த வீட்டில் விழுகிறது என்று பார்க்க வேண்டும் என்பது ஜோதிடர்களின் பதில்.

50 வயதில் 'கைரான் திரும்புதல்'

பிறந்தபோது இருந்த அதே இடத்துக்குக் கைரான் மறுபடி வர சுமார் 50 வருடம் ஆகிறது. இதை மேற்கத்திய ஜோதிடர்கள் பெரிய திருப்பமாகச் சொல்கிறார்கள். பழைய காயங்கள் மேலே வரும், வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்க வைக்கும் என்பது கணிப்பு.

நம்ம ஊரில் இதுபோலக் கிரகச் சுற்றோடு சேர்த்துப் பேசப்படுவது அறுபதாம் கல்யாணம். வியாழன் 5 சுற்றும், சனி 2 சுற்றும் முடிக்க ஏறக்குறைய 60 வருடம் ஆகிறது. ஆனால் அங்கே அந்த வயது ஒரு கொண்டாட்டம். கைரான் விஷயத்தில் அதே மாதிரி ஒரு வயதுக் கணக்கு காயத்தின் பெயரில் சொல்லப்படுகிறது.

50 வயதில் பிள்ளைகள் வெளியூர் போயிருப்பார்கள், பெற்றோருக்கு உடம்பு முடியாமல் இருக்கும், சர்க்கரையும் பிபியும் எட்டிப் பார்க்கும், வேலையில் அடுத்தது என்ன என்ற கேள்வி வரும். அந்த வயதில் "பழைய வலி திரும்ப வருகிறது" என்று யாரிடம் சொன்னாலும் "ஆமாம்" என்றுதான் பதில் வரும்.

நம்ம ஜாதகக் கட்டத்தில் கைரான் உண்டா?

இல்லை. நம் முறையில் சூரியன் முதல் சனி வரை 7, ராகு, கேது சேர்த்து 9. சில ஜோதிடர்கள் மாந்தியையும் குறிப்பார்கள். ஆனால் மாந்தி கண்ணில் தெரியும் பொருள் இல்லை, பிறந்த கிழமையையும் பொழுதையும் வைத்துக் கணக்கிடும் ஒரு புள்ளி. 1977-ல் கண்டுபிடித்த கைரான் பழைய ஜோதிட நூல்களில் இருக்க வாய்ப்பே இல்லை.

கணக்கும் வேறு. மேற்கத்தியர்கள் பயன்படுத்தும் சாயன முறைக்கும் நம் நிராயன முறைக்கும் சுமார் 24 டிகிரி வித்தியாசம். அதனால் ஆப்பில் 'மேஷத்தில் கைரான்' என்று வருவது, நம் கட்டத்தில் வைத்தால் பெரும்பாலும் மீனத்தில் விழும். ராசி மாறினால் பலனும் மாற வேண்டும். இரண்டில் எது 'உங்கள் காயம்' என்ற கேள்விக்கு ஆப்பில் பதில் இருக்காது.

ஆகவே 'கைரான் தோஷம்' என்றோ, அதற்குப் பரிகாரம் என்றோ யாராவது காசு கேட்டால், அது நம் மரபில் வந்தது இல்லை. நவக்கிரகச் சன்னதியில் கைரானுக்கு இடம் கிடையாது. மேற்கத்திய ஜோதிடத்திலும் கைரான் சாபம் கிடையாது. ஆற்றிக்கொள்ளும் பயணம் என்றுதான் சொல்கிறார்கள்.

அறிவியல் என்ன சொல்கிறது?

பிறந்தபோது கைரான் இருந்த இடம் ஒருவரின் குணத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஜோதிடத்தைப் பொதுவாகச் சோதித்த ஆய்வு ஒன்று 1985-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. ஒரு ஜாதகத்தையும் மூன்று குணச் சித்திரங்களையும் கொடுத்து, எது இவருடையது என்று ஜோதிடர்களிடமே கேட்டார் ஷான் கார்ல்சன். சரியான பதில்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வந்தன. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அவ்வளவுதான் வரும்.

அப்படியென்றால் படிக்கும்போது ஏன் "நம்மையே சொல்கிறதே" என்று தோன்றுகிறது? அதற்கும் ஒரு பழைய சோதனை உண்டு. 1948-ல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர், தன் மாணவர்கள் எல்லோருக்கும் 'உங்களுக்கென்று தயாரித்தது' என்று சொல்லி ஒரே குணக் குறிப்பைக் கொடுத்தார். அவர்கள் அதற்குச் சராசரியாக 5-க்கு 4-க்கும் மேல் மதிப்பெண் போட்டார்கள். "உள்ளே ஒரு காயம் இருக்கிறது" என்பதும் அப்படித்தான். இல்லாதவர் யார்?

அப்போ கைரானைப் பார்க்கவே கூடாதா?

பார்க்கலாம். யாரிடமும் சொல்லாத ஒரு வலியைப் பேச இந்தக் கதை சிலருக்கு ஒரு சாக்காக இருக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் "இது ஆறவே ஆறாது, ஜாதகத்திலேயே எழுதியிருக்கிறது" என்று எடுத்துக்கொண்டால்தான் சிக்கல். அந்த 'ஆறாத' என்ற வார்த்தை வானத்திலிருந்து வரவில்லை. பாதையைப் பார்த்து ஒருவர் வைத்த பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கோவல் வேறு பெயர் வைத்திருந்தால் ஆப்பில் வேறு வரி இருந்திருக்கும்.

மனக்காயம் நிஜம். அதற்கு உதவியும் இருக்கிறது. தூக்கம் கெடும் அளவுக்கு, வேலை ஓடாத அளவுக்கு மனசு பாரமாக இருந்தால் மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-க்கு இலவசமாகப் பேசலாம். ராசி, லக்னம் எதுவும் கேட்க மாட்டார்கள்.