அளவொத்த மாதிரிக் கார்கள்: ஒரு பொழுதுபோக்கின் வரலாறு

ஓர் உண்மையான காரின் எல்லாப் பகுதிகளையும் ஒரே விகிதத்தில் சுருக்கி, பாகம் பாகமாக ஒட்டி, வண்ணம் பூசி உருவாக்கப்படுவது அளவொத்த மாதிரிக் கார். பொம்மைக் கார் ஓட்டி விளையாடுவதற்கானது. மாதிரிக் கார் உண்மைக் காரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கானது. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பெரிதாக வளர்ந்த இப்பொழுதுபோக்கு, கார் நிறுவனங்கள் புதிய வண்டிகளை விற்கக் கையாண்ட வழிகளோடு நெருங்கிய தொடர்பு கொண்டது. புதியதை விற்பதற்காகச் செய்யப்பட்ட அந்தச் சிறு பொருள்களே, சாலையிலிருந்து மறைந்துபோன பல கார்களுக்கு இன்று சான்றாக இருக்கின்றன.

அளவுகள்

மாதிரியின் அளவு 1:24 என்றால், உண்மைக் காரில் 24 செ.மீ. உள்ள பகுதி மாதிரியில் 1 செ.மீ. இருக்கும். 5 மீட்டர் நீளமுள்ள கார் 1:25 அளவில் 20 செ.மீ. ஆகும், 1:43 அளவில் ஏறத்தாழ 11.6 செ.மீ. ஆகும். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கிலிருந்து வந்தது 1:24. ஓர் அடிக்கு 7 மி.மீ. என்ற கணக்கில் செய்யப்பட்ட மாதிரி ரயில்களுக்குப் பொருத்தமாக அமைந்தது 1:43. அமெரிக்க நிறுவனங்கள் 1:25 அளவை வழக்கமாக்கின.

சிறுவர்களுக்கான போட்டி

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார் உடற்பகுதிகளைச் செய்த ஃபிஷர் பாடி பிரிவு, 1930இல் ‘ஃபிஷர் பாடி கிராஃப்ட்ஸ்மன்ஸ் கில்ட்’ என்ற போட்டி அமைப்பைத் தொடங்கியது. அப்பிரிவின் சின்னம், நெப்போலியன் காலத்து அரச குதிரை வண்டி. தொடக்கத்தில் சிறுவர்கள் அந்த வண்டியின் மாதிரியையே தங்கள் கையால் செய்து அனுப்ப வேண்டியிருந்தது. 1937 முதல், சொந்தக் கற்பனையில் வடிவமைத்த காரை 1:12 அளவில் செய்யும் போட்டியும் சேர்க்கப்பட்டது. மரம், களிமண், பிளாஸ்டர் ஆகியவற்றைச் செதுக்கித் தேய்த்து, உலோகப் பாகங்களையும் தாமே உருவாக்கி, பளபளக்கும் வண்ணம் பூசி, மாதக்கணக்கில் உழைத்தவர்கள் பரிசுக்குப் போட்டியிட்டனர். முதன்மைப் பரிசு பல்கலைக்கழகக் கல்விக்கான உதவித்தொகை.

நிறுவனத்துக்கு இதில் இரட்டை லாபம் இருந்தது. அதன் பெயர் வீடுதோறும் சென்றது. திறமையான இளைஞர்களும் அடையாளம் காணப்பட்டனர். 1947இல் வென்ற சக் ஜோர்டன் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைத் துணைத் தலைவரானார். ஆனால் போட்டியில் சேர ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. வடிவமைப்புத் துறைக்குள் நுழைய ஏழை வீட்டுப் பையனுக்கும் வழி திறந்த இந்தக் கதவு, அவன் அக்கா தங்கைக்கு மூடியே இருந்தது. 1968இல் போட்டி முடிவுக்கு வந்தது.

விற்பனையாளரின் பரிசுப் பொருள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார் விற்பனை சூடுபிடித்தது. 1948இல் டெட்ராய்ட் பகுதியில் தொடங்கப்பட்ட ஏ.எம்.டி. நிறுவனம், ஃபோர்டு காரின் மாதிரியை முதலில் அலுமினியத்தில் வார்த்து, விரைவில் பிளாஸ்டிக்குக்கு மாறியது. ஜோ-ஹான் போன்ற நிறுவனங்களும் இத்தொழிலில் இறங்கின. இவை கடைப் பொம்மைகளாக அல்லாமல், கார் விற்பனையாளர்கள் வாடிக்கையாளருக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் கொடுக்கும் விளம்பர மாதிரிகளாகவே தொடங்கின. அவ்வாண்டுக் காருக்கு ஆலையில் பூசப்பட்ட அதே நிறங்களில் இவையும் வந்தன. கார் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு செய்யப்பட்டதால் வடிவமும் துல்லியமாக இருந்தது. குறை, மூலப்பொருளில் இருந்தது: தொடக்கக்கால மாதிரிகளில் பயன்பட்ட செல்லுலோஸ் அசிடேட் காலப்போக்கில் சுருங்கி வளைந்தது. 1960களில் பாலிஸ்டைரீன் அதன் இடத்தைப் பிடித்தது.

பெட்டிக்குள் வந்த கார்

பழங்காலக் கார்களை வீட்டில் கட்டும் ஆர்வம் இதற்கு இணையாக வளர்ந்தது. 1940களின் இறுதியில் ஹட்சன் மினியேச்சர்ஸ் மரப் பாகங்களைக் கொண்ட பெட்டிகளை விற்றது. 1950களின் தொடக்கத்தில் ரெவல் நிறுவனம் ‘ஹைவே பயனியர்ஸ்’ வரிசையில் பழைய கார்களை 1:32 அளவில் பிளாஸ்டிக் கிட்டாக வெளியிட்டது. மரத்தைச் செதுக்கத் தெரியாதவரும் இப்போது பாகங்களை வெட்டியெடுத்து ஒட்டிவிடலாம்.

1958இல் ஏ.எம்.டி., விளம்பர மாதிரிகளுக்கான அச்சுகளைப் பயன்படுத்தி ‘ஒன்றில் மூன்று’ கிட்டை வெளியிட்டது. ஒரே பெட்டியில் இருந்த பாகங்களைக் கொண்டு ஆலையில் வந்த வடிவம், அலங்கரித்த வடிவம், பந்தய வடிவம் ஆகிய மூன்றில் ஒன்றைக் கட்டலாம். தெருவில் ஓடும் காரைத் தன் விருப்பப்படி மாற்றும் வாய்ப்பு, ஓட்டுநர் உரிமம் பெறும் வயதை எட்டாத சிறுவர்களுக்குக் கிடைத்தது. கார்களை உருமாற்றிப் புகழ்பெற்ற ஜார்ஜ் பாரிஸ் ஏ.எம்.டி.யோடும், எட் ராத் ரெவலோடும் இணைந்து பணியாற்றினர்.

ஐரோப்பாவும் ஜப்பானும்

பிரிட்டனில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1950களில் ரோல்ஸ்-ராய்ஸ், பென்ட்லி முதலிய பழைய கார்களை 1:32 அளவில் வெளியிட்டது. இத்தாலியின் டூரின் நகரில் இயங்கிய போக்கர், 1960கள் முதல் 1:8 அளவில் பெரிய கிட்களைச் செய்தது. அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் இருந்தன; சக்கரத்தின் கம்பிகளைக்கூட ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946இல் மர அறுவை நிறுவனமாகத் தொடங்கிய தாமியா, பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு மாறி, பாகங்கள் பிசிறின்றிப் பொருந்துவதில் புகழ்பெற்றது. 1970களில் போர்ஷ் மாதிரி ஒன்றை உருவாக்குவதற்காக, ஷுன்சாகு தாமியா உண்மையான போர்ஷ் காரையே வாங்கிப் பிரித்து ஆராய்ந்தார்.

வண்ணமும் வரலாறும்

கட்டுவதைவிடக் கடினமானது வண்ணம் பூசுதல். உண்மைக் காரில் கதவுக்கும் உடற்பகுதிக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி இருந்தால், 1:25 மாதிரியில் அது 0.2 மி.மீ. மட்டுமே. தடித்த பூச்சு ஒன்றே அந்தக் கோட்டை மறைத்துவிடும். உண்மைக் காரின் பூச்சு ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிப்புடையது, அதே தடிப்பில் மாதிரிக்குப் பூசினால், உண்மைக் காரில் 2.5 மி.மீ. பூசியதற்கு ஒப்பாகும். தூரிகைக்குப் பதிலாகக் காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர்பிரஷ் கொண்டு மெல்லிய பூச்சுகளாக அடிப்பதற்குக் காரணம் இதுவே. கார்களுக்கான லேக்கர் வண்ணத்தின் கரைப்பான் பாலிஸ்டைரீனை அரித்து, மேற்பரப்பில் நுண்விரிசல்களை உண்டாக்கும். ஆகவே, முதலில் பிரைமர் பூசுவது அல்லது பிளாஸ்டிக்குக்கு ஏற்ற எனாமலைப் பயன்படுத்துவது வழக்கமாயிற்று.

எந்த நிறம் என்பதும் வரலாற்றுக் கேள்வியே. ஃபோர்டு மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. ஆகவே 1918ஆம் ஆண்டு மாடல் டி காருக்குச் சிவப்பு பூசினால், பார்க்க அழகாக இருந்தாலும், அது ஆலையில் வந்த கார் ஆகாது. விரைவில் உலரும் டியூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் வண்ணம் 1920களில் வந்த பிறகே, பல நிறக் கார்களை வேகமாகப் பூசி அனுப்புவது எளிதாயிற்று. ஒரு மாதிரிக்குச் சரியான நிறம் தேடுபவர், அறியாமலே தொழில்நுட்ப வரலாற்றையும் படித்துவிடுகிறார்.

தொலைந்த அச்சுகள்

கார் நிறுவனங்கள் ஆண்டுதோறும் வடிவத்தை மாற்றின. மாதிரி செய்பவர்களும் புதிய அச்சுக்குச் செலவிடாமல், பழைய எஃகு அச்சையே வெட்டித் திருத்தினர். 1962ஆம் ஆண்டுக் காரின் அச்சு 1963ஆம் ஆண்டுக் காருக்கு உரியதாக மாறியதும், முந்தைய வடிவத்தை மீண்டும் வார்க்க வழியில்லை. சில அச்சுகள் இறுதியில் பந்தயக் கார்களுக்காக அடியோடு மாற்றப்பட்டன. அப்போது யாரும் இதை இழப்பாகக் கருதவில்லை. போன ஆண்டுக் கார் யாருக்கு வேண்டும் என்பதே வணிகத்தின் கணக்கு.

1970களில் எண்ணெய் நெருக்கடியால் பிளாஸ்டிக் விலை உயர்ந்தது, வாங்குவோரும் குறைந்தனர். 1978இல் ஏ.எம்.டி. பிரிட்டனின் லெஸ்னி நிறுவனத்திடம் சென்றது; 1986இல் ரெவலும் மோனோகிராமும் ஒரே உரிமையின் கீழ் வந்தன. வளர்ந்துவிட்ட பழைய சிறுவர்கள் தம் இளமைக்காலக் கார்களைத் தேடியபோது, பல கிட்களுக்கு அச்சே இல்லை. எஞ்சியிருந்த மாதிரிகளிலிருந்து அச்செடுத்து, பிசின் வார்ப்பில் உடற்பகுதி செய்யும் சிறு தொழில் இந்தத் தேவையால் வளர்ந்தது.

இதன் முக்கியத்துவத்தைக் கிரைஸ்லர் டர்பைன் கார் காட்டுகிறது. விமான எஞ்சினைப் போன்ற சுழலி எஞ்சின் கொண்ட இக்கார்கள் 1963–64இல் 55 மட்டுமே செய்யப்பட்டன. 50 கார்கள் பொதுமக்களிடம் ஓட்டிப் பார்க்கத் தரப்பட்டன. சோதனை முடிந்ததும் நிறுவனமே 46 கார்களை அழித்தது. தப்பியவை 9. ஆனால் ஜோ-ஹான் அதை 1:25 அளவில் எஞ்சினோடு கூடிய கிட்டாக வெளியிட்டிருந்தது. சாலையில் காண முடியாத அந்தக் கார், சேகரிப்பாளர்களின் அலமாரிகளில் இன்றும் காணக் கிடைக்கிறது.

இதனால் ஒரு சிக்கலும் எழுகிறது. திறக்கப்படாத பழைய பெட்டியைக் கட்டினால், எஞ்சியிருக்கும் சில பிரதிகளில் ஒன்று குறையும்; கட்டாவிட்டால், அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தப் பயன் நிறைவேறாது. சேகரிப்பாளர் பெட்டியைக் காக்கிறார்; கட்டுபவர் கைத்திறனைக் காக்கிறார். எஞ்சிய பிரதிகளைப் பார்த்துப் புதிய அச்சு செய்து மறுவெளியீடு கொண்டுவரும் முயற்சிகள், இருவருக்கும் இடையிலுள்ள இந்த இழுபறியை ஓரளவு தணிக்கின்றன.