அக்கா துறைமுகமும் ஓராண்டுப் பொறுமையும்

எகிப்தை ஆண்ட அஹ்மத் இப்னு தூலூன், கி.பி. 878-இல் ஷாம் தேசத்தையும் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தார். பாலஸ்தீனக் கரையிலுள்ள அக்கா நகரைக் கண்டபோது அவருக்கு ஒரு குறை தென்பட்டது. அருகிலிருந்த ஸூர் துறைமுகத்தைக் கடலுக்குள் எழுந்த மதில் காத்து நின்றது. அக்காவுக்கோ அத்தகைய அரண் இல்லை; நங்கூரமிட்ட கப்பல்கள் பகைவரின் தாக்குதலுக்கு இலக்காயின. அதேபோன்ற மதிலை எழுப்ப விரும்பி அவர் கைவினைஞர்களை அழைத்தார். நீருக்குள் அடித்தளமிடும் வழி அறிந்தவர் எவரும் இல்லை.

அப்போது பைத்துல் முகத்தஸில் வாழ்ந்த அபூபக்ர் அல்-பன்னா என்பவரின் பெயர் சொல்லப்பட்டது. 'பன்னா' என்றால் கட்டுநர் என்று பொருள். அவர் செய்த வேலையை, அவருடைய பேரனும் புகழ்பெற்ற புவியியல் அறிஞருமான அல்-முகத்தஸீ, 985-இல் இயற்றிய 'அஹ்ஸனுத் தகாஸீம்' நூலில் பதிந்துள்ளார்.

அல்-பன்னா அத்தி இனத்துப் பருத்த மரங்களை வரவழைத்தார். அவற்றை நீரில் மிதக்கவிட்டு ஒன்றோடொன்று பிணைத்து, மேற்கே வாயிலுக்கு இடம் விட்டார். அம்மிதவையின்மேல் கல்லும் சாந்தும் கொண்டு கட்டினார். ஐந்து வரிசைக்கு ஒருமுறை பெரிய தூண்களைக் கிடத்திக் கட்டடத்தை இறுக்கினார். பாரம் ஏற ஏற மிதவை மெல்ல அமிழ்ந்து மணலில் தங்கியது. உடனே அவர் வேலையை நிறுத்தினார். ஓராண்டு முழுவதும் அதனை அப்படியே விட்டுவைத்தார். பின்னரே எஞ்சியதைக் கட்டிப் பழைய மதிலோடு இணைத்தார். இரவில் கப்பல்கள் உள்ளே வந்தபின் வாயிலின் குறுக்கே சங்கிலி இழுக்கப்பட்டது.

அந்த ஓராண்டின் அருமையை அலைகளின் இயல்பு விளக்குகிறது. ஆழம் குறையும் இடத்தில் அலையின் வேகம் தணியும்; உயரமோ கூடும். செங்குத்தான சுவரில் மோதிய அலை திரும்புகையில், எதிரே வரும் அலையுடன் சேர்ந்து சுவரின் அடிமணலை அரித்துச் செல்லும். கல் இடுக்குகளில் புகுந்த நீர், அலை பின்வாங்கும்போது கற்களை வெளியே தள்ளும். குறுக்கே கிடத்திய தூண்கள் கற்களைப் பிடித்து நிறுத்த உதவின. பாரம் தாங்கிய மணலோ ஒரே நாளில் இறுகிவிடாது. இடத்துக்கு இடம் ஏற்றத்தாழ்வாகவும் அமிழும். அவசரப்பட்டு மேலே கட்டியிருந்தால் சுவர் பிளந்திருக்கும். ஓராண்டில் மாரிக்காலப் புயல்களும் வந்து போகும்; கடலே அந்த அடித்தளத்தைச் சோதித்துவிடும்.

கூலியாக 1,000 தீனாரும், கௌரவ ஆடைகளும், குதிரைகளும் வழங்கப்பட்டன என்றும், மதிலில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது என்றும் பேரன் எழுதுகிறார். ஆட்சியாளர் காத்திருக்க, கைவினைஞர் ஓராண்டு வேலையை நிறுத்துவது எளிதன்று. தம்மிடம் ஒப்படைக்கப்பட்டது ஓர் அமானிதம் என்பதை உணர்ந்தவருக்கே அத்துணிவு வாய்க்கும். செய்ய வேண்டியதைச் செவ்வனே செய்துவிட்டு அல்லாஹ்விடம் ஒப்படைப்பதே தவக்குல். வீடாயினும், வணிகமாயினும், பிள்ளைகளின் கல்வியாயினும், அடித்தளம் இறுகும்வரை பொறுத்திருப்பது காலவிரயம் ஆகாது. அதுவும் கட்டுமானத்தின் ஒரு பகுதியே.